எட்டில் ஒரு துண்டு

டெய்லரம்மாவுக்கு அளவு நாடா எதற்கு என்று அந்தத் தெருவே கேலி பேசும். ஆள் வாசலில் வந்து நின்றால் போதும். தோளையும் இடுப்பையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "போன தடவைக்கு இப்ப கொஞ்சம் பூசினாப்புல இருக்கே" என்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிடுவாள். பிறகு நாடாவை வைத்து அளந்தாலும் அவள் கண் சொன்னதுதான் வரும்.

அப்பேர்ப்பட்டவள் இந்த வெள்ளிக்கிழமை காலையில் தையல் மெஷினைத் தொடாமல், ஓவனுக்கு முன்னால் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, கண்ணாடிக் கதவு வழியாக ஒரு ட்ரேயைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

போன வாரத்தைத் தவறவிட்டவர்கள் கொஞ்சம் முன்னால் வந்து உட்காருங்கள், இரண்டு வார்த்தையில் சொல்லிவிடலாம்.

டெய்லரம்மாவின் மருமகள் பஸ் டிரைவர். சாதாரண பஸ் இல்லை, நடுவில் மடிந்து திரும்புமே, அந்த நீள பஸ். அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே சர்க்கரை நோய். சாப்பிடும் முன் இன்சுலின் போட்டுக்கொள்ள வேண்டும், போட்ட அளவுக்குச் சரியாகச் சாப்பிட வேண்டும். கூடச் சாப்பிட்டால் சர்க்கரை ஏறும், குறைந்தால் இறங்கும். கல்யாணத்துக்கு முன்பே எல்லாவற்றையும் சொல்லிவிட்டுத்தான் இந்த வீட்டுக்கு வந்தாள்.

வந்ததிலிருந்து காலையில் சாப்பிட்ட பிறகு அவளுடைய சர்க்கரை ஒரு நாள் மாதிரி ஒரு நாள் இல்லை. பெரும்பாலும் ஏறிக் கிடக்கும். இந்த வாரம் செவ்வாய்க்கிழமை மட்டும் தலைகீழ். டெப்போவில் வண்டியைக் கிளப்பப் போன நேரத்தில் சர்க்கரை மளமளவென்று இறங்கி, கை நடுங்கி, பஸ் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். கூட வேலை பார்ப்பவர் ஜூஸ் வாங்கிக் கொடுத்துத் தேற்றினார். நல்லவேளை, வண்டி நகரவில்லை. நகர்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று மேலதிகாரி யோசித்தார். டாக்டர் பார்த்துச் சரி என்று சொல்லும்வரை ஸ்டீயரிங்கில் கை வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்.

அந்தப் பரிசோதனைதான் இன்றைக்கு. காரணம் பிடிபடாவிட்டால் அவளை டிக்கெட் கவுன்ட்டரில் உட்கார வைத்துவிடுவார்கள். மறுபடி எழுப்ப மாட்டார்கள்.

"அத்தை, இன்னும் வேகலையா?"

மருமகள் சமையலறை வாசலில் வந்து நின்றாள். சீருடை போட்டிருந்தாள். டெய்லரம்மா தைத்துக் கொடுத்த சீருடைதான். தோள் கொஞ்சம் தொளதொளவென்று தெரிந்தது. மூன்று நாளில் பெண் உருகிவிட்டாள் என்று அந்தக் கண் உடனே கணக்குப் போட்டது.

"வெந்துக்கிட்டே இருக்கு. மேல நிறம் பிடிக்கட்டும். அவசரப்பட்டு எடுத்தா நடுவுல கொழகொழன்னு இருக்கும்."

"டாக்டருக்கு நிறமா முக்கியம்?"

"அவருக்கு என்ன முக்கியமோ எனக்குத் தெரியாது. என் வீட்டுச் சாப்பாடு வெளியில போகுது. பார்க்க லட்சணமா இருக்க வேண்டாமா?"

மருமகள் சிரித்த மாதிரி உதட்டை அசைத்தாள். சிரிப்பு வரவில்லை.

இந்தச் சாப்பாட்டுக்கும் ஒரு கதை இருக்கிறது. பிரெஞ்ச் டோஸ்ட் என்று பெயர். ஆனால் கல்லில் ஒவ்வொன்றாகப் புரட்டி எடுக்கிற வகை இல்லை. ராத்திரியே ரொட்டியைத் துண்டு போட்டு ட்ரேயில் அடுக்கி, முட்டையும் பாலும் அடித்து மேலே ஊற்றி, ஃபிரிட்ஜில் ஊற வைத்துவிட வேண்டும். காலையில் அப்படியே ஓவனுக்குள் தள்ளினால் முடிந்தது. விடியும் முன்பே வேலைக்குக் கிளம்புகிறவளுக்குத் தோதான சாப்பாடு. வீட்டில் எல்லோரும் இதை 'ட்ரே டோஸ்ட்' என்றுதான் சொல்வார்கள்.

ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசகர் ஒருத்தி மருமகளோடு உட்கார்ந்து இதற்குக் கணக்குப் போட்டுக் கொடுத்திருந்தாள். முழு ரொட்டி ஒன்று, எட்டு முட்டை, இவ்வளவு பால், பெயருக்குக் கொஞ்சம் சர்க்கரை. ட்ரேயை எட்டாக வெட்டினால் ஒரு துண்டில் முப்பது கிராம் மாவுச்சத்து, பன்னிரண்டு கிராம் புரதம். அந்த மாவுச்சத்துக்கு ஏற்ற மாதிரி ஊசி. புரதம் பசியை மதியம்வரை தள்ளிவைக்கும். ஒரு வேளைக்கு ஒரு துண்டு.

முதல் நாள் டெய்லரம்மா மூக்கைச் சுளித்தாள். "சர்க்கரையே இல்லாம இதை எந்த மகராசி தின்பா? திராட்சை போடலாமா? தேன்?" என்று கேட்டாள். மருமகள் பொறுமையாக எடுத்துச் சொன்னாள். சர்க்கரையைக் குறைத்தது அந்த முப்பது கிராமுக்குள் ரொட்டிக்கு இடம் விடத்தானாம், பாலிலேயே கொஞ்சம் இனிப்பு இருக்கிறதாம், முட்டை இருப்பதால் சர்க்கரை ரத்தத்தில் மெதுவாக ஏறுமாம். டெய்லரம்மாவுக்குப் பாதி புரிந்தது. ஆனால் ஒன்று, புரிந்த பாதியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். மறுநாளிலிருந்து, "நீ தள்ளு, வேலைக்குப் போறவ, நான் பார்த்துக்கறேன்" என்று ட்ரேயைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டுவிட்டாள்.

பாலைக் கண்ணாடிக் குவளையில் அளந்து ஊற்றுவாள். சர்க்கரையை ஸ்பூனில் எடுத்து விரலால் வழித்துத் தட்டையாக்கிப் போடுவாள். ஒரு நாளாவது பிசகியிருக்குமா? பேச்சுக்கே இடமில்லை. வெட்டுவது மட்டும் கண்ணளவு. ஊருக்கெல்லாம் துணி வெட்டுகிறவள், ரொட்டி வெட்ட ஸ்கேலா வைத்துக்கொள்வாள்?

"முழு ட்ரேயும் போகுதா?" வாட்ச்காரர் கையில் டீயோடு வந்து நின்றார். டெய்லரம்மாவின் புருஷன். முன் அறையில் கடிகாரம் ரிப்பேர் செய்கிறவர்.

"முழுசாத்தான் போகுது. டாக்டர் என்ன சொன்னாராம்? தினமும் சாப்பிடறதைக் கொண்டு வா, என் முன்னால ஊசி போட்டு என் முன்னால சாப்பிடுன்னாராம். ஒத்தைத் துண்டை டப்பாவுல போட்டுக்கிட்டுப் போய் நாலு பேர் எதிர்ல இவ மட்டும் தின்னா நல்லாவா இருக்கும்? எல்லாருக்கும் குடுக்கலாம்."

"அப்ப எனக்கு?"

"வெறும் ரொட்டி இருக்கு. வெண்ணெய் தடவித் தின்னுங்க."

"அது சரி. ஆனா வீட்டு வானிலையை நான் எதை வச்சுத் தெரிஞ்சுக்கறது?" அவர் மருமகளைப் பார்த்துக் கண் சிமிட்டினார். "உனக்குத் தெரியாதும்மா. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து நான் தட்டைப் பார்த்துத்தான் தெரிஞ்சுக்கறேன். துண்டு பெருசா விழுந்தா நல்ல வெயில். சின்னதா விழுந்தா மேகமூட்டம், வாயைத் திறக்காம இருந்துக்கணும்."

"இப்பவும் வாயைத் திறக்காம இருந்துக்கலாம்" என்றாள் டெய்லரம்மா.

மருமகள் ஷூ லேஸைக் குனிந்து கட்ட ஆரம்பித்தாள். ஏற்கெனவே கட்டியிருந்த லேஸ்தான்.

டெப்போவுக்குப் பஸ்ஸில்தான் போனார்கள். டெய்லரம்மா சூடான ட்ரேயைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டாள். பக்கத்தில் மருமகள் பயணியாக உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு நிறுத்தம் வரும்போதும் அவளுடைய வலது கால் தானாகத் தரையை அழுத்தியது. இல்லாத பிரேக்கை மிதிக்கிறாள். ஒரு திருப்பத்தில் அந்த டிரைவர் கொஞ்சம் சீக்கிரமே ஒடித்துவிட்டார் போலிருக்கிறது, "ச்சு" என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டாள்.

டெய்லரம்மா அந்தக் காலையே பார்த்துக்கொண்டு வந்தாள். மனசு பொறுக்கவில்லை. தன்னை யாராவது கத்தரிக்கோலைத் தொடாதே என்று ஒரு மேஜைக்குப் பின்னால் உட்கார வைத்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தாள். நினைக்கவே பிடிக்கவில்லை.

ஆனால் அவள் மனசுக்குள் இன்னொரு முள்ளும் இருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

திங்கட்கிழமை சாயங்காலம் இஸ்திரி போட்ட சீருடையைக் கொடுக்க டெய்லரம்மா மருமகளின் அறைக்குப் போனாள். கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே மருமகள் போனில் பேசிக்கொண்டிருந்தாள், வெளியூரில் லிஃப்ட் மாட்டப் போயிருக்கிற புருஷனிடம். "வீடு எனக்குப் பிடிச்சுப் போச்சு. சாவி கைக்கு வரட்டும். அதுக்கப்புறம் அத்தைகிட்ட சொல்லிக்கலாம், இப்ப வேண்டாம்."

டெய்லரம்மா சீருடையைக் கதவுக் கைப்பிடியில் மாட்டிவிட்டுத் திரும்பிவிட்டாள். பேச்சில் வெட்டு ஒன்று துண்டு ரெண்டு என்று இருப்பவள் அன்றைக்கு மட்டும் ஊமையாகிப் போனாள். தனிக்குடித்தனம் போகிறார்களா? போகட்டும். தன்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே? பெற்ற பிள்ளையும் சேர்ந்துகொண்டல்லவா மறைக்கிறான்! செவ்வாய்க்கிழமை காலையில் மருமகள் முன்னால் தட்டை வைத்துவிட்டு முகத்தைப் பார்க்காமலே மெஷினுக்குப் போய்விட்டாள். அடுத்த ஒரு மணி நேரத்தில் டெப்போவிலிருந்து போன் வந்தது. அதற்குப் பிறகு வீடாவது மண்ணாவது, எல்லாம் பின்னால் போய்விட்டது.

டெப்போவின் பின்பக்கம் டாக்டர் அறை. ஒரு மேஜை, ஒரு கட்டில், ஜன்னலுக்கு வெளியே வரிசையாகக் கழுவி நிறுத்தின பஸ்கள். டாக்டர் மூக்கு நுனியில் கண்ணாடி போட்டவர். ஒரு நர்ஸும் இருந்தாள், பார்த்தாலே சிரிக்கிற முகம்.

டாக்டர் சுற்றி வளைக்கவில்லை.

"தினமும் ஒரே சாப்பாடு, ஒரே ஊசின்னு சொல்றீங்க. ஆனா சர்க்கரை ஏறுது, இறங்குது. இதுக்கு ரெண்டே காரணம்தான் இருக்க முடியும். ஒண்ணு, சொல்லாம வேற ஏதோ சாப்பிடறீங்க. இல்லேன்னா ஊசியைத் தப்பாப் போடறீங்க."

"இல்லீங்க டாக்டர்" என்றாள் மருமகள்.

டெய்லரம்மாவுக்கு வந்ததே கோபம். "இந்தாங்க டாக்டர், எங்க வீட்டுப் பொண்ணு திருடித் தின்னற ரகம் இல்ல. கல்யாணத்துல கேக் வெட்டினப்பவே ஒரு விரல் அளவுதான் வாயில வச்சா. நான் கண்ணால பார்த்தேன்."

"நீங்க யாரும்மா?"

"மாமியார்."

"மாமியாரே மருமகளுக்குச் சாட்சி சொல்றாங்க. நான் இதுவரைக்கும் பார்த்ததில்லை" என்றார் டாக்டர். நர்ஸ் களுக்கென்று சிரித்தாள். டெய்லரம்மா சிரிக்கவில்லை.

"சரிம்மா. சமைச்சது நீங்கதானே? வீட்ல எப்படி வெட்டி வைப்பீங்களோ அப்படியே வெட்டி வைங்க."

அதற்கென்ன! டெய்லரம்மா துணியைப் பிரித்தாள். அறை முழுக்க வெந்த முட்டையும் பாலும் ரொட்டியுமாக வாசனை எழும்பியது. ஜன்னல் வழியாக ஒரு மெக்கானிக் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். அவள் கத்தியை எடுத்தாள்.

முதல் துண்டு மருமகளுக்கு. மூன்று நாளாக உருகிக் கிடக்கிறாளே என்று, மேலே நன்றாகச் சிவந்த மூலைத் துண்டு. அடுத்தது நர்ஸுக்கு, சிரித்த முகத்துக்குத் தாராளமாகவே ஒன்று. அடுத்தது டாக்டருக்கு. கடைசியில் தனக்கும் ஒன்று வெட்டிப் பேப்பர் தட்டில் வைத்துக்கொண்டாள். வெட்டும்போது அவள் ட்ரேயைப் பார்க்கவே இல்லை. யாருக்கு வைக்கிறாளோ அவர்கள் முகத்தைத்தான் பார்த்தாள். எத்தனையோ வருஷப் பழக்கம், கை பாட்டுக்கு வெட்டியது.

டாக்டர் தன் தட்டைப் பார்த்தார். பிறகு நர்ஸ் தட்டைப் பார்த்தார். பிறகு எழுந்து நின்று மருமகள் தட்டைப் பார்த்தார்.

"எட்டுத் துண்டுன்னு சொன்னீங்களே?"

"ஆமா, எட்டுதான் வரும். மிச்சத்தையும் வெட்டிக் காட்டட்டுமா?"

"எட்டு வரும், சரி. எட்டும் ஒரே அளவா வருமா?"

"எட்டா வெட்டணும்னுதான் சொன்னாங்க. எட்டும் ஒண்ணா இருக்கணும்னு யாரும் சொல்லலியே."

சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கே ஒரு மாதிரி இருந்தது.

நர்ஸ் சின்னத் தராசை மேஜைக்குக் கொண்டு வந்தாள். மருமகள் துண்டை வைத்தாள், எடுத்தாள். டாக்டர் துண்டை வைத்தாள். "டாக்டர், உங்க துண்டு ரெண்டு சேர்ந்தாத்தான் அவங்க துண்டு ஒண்ணு" என்றாள்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். "என் மேல என்னம்மா அவ்வளவு கோபம்? ஒரு கேள்வி கேட்டது குத்தமா?" நர்ஸும் சிரித்தாள். மருமகளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது, மூன்று நாளுக்குப் பிறகு. டெய்லரம்மா வெட்கத்தில் முந்தானையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"பாசத்தை வெட்டி வச்சிருக்கீங்க" என்றார் டாக்டர். "இவங்க ஊசி போடறது முப்பது கிராம் மாவுச்சத்துக்கு. நீங்க தட்டுல வைக்கறது நாப்பது, நாப்பத்தஞ்சு. ஏறாம என்ன பண்ணும்? முட்டை எவ்வளவு இருந்தாலும் அந்தக் கூடுதல் ரொட்டி எங்க போகும்?"

அப்பாடா என்று இருந்தது டெய்லரம்மாவுக்கு. தன் தப்புதான், இருக்கட்டும். கொஞ்சம் அதிகமாக ஊட்டிவிட்டாள், அவ்வளவுதானே? இந்தத் தப்பை எங்கே வேண்டுமானாலும் தலை நிமிர்ந்து ஒப்புக்கொள்ளலாம்.

ஆனால் டாக்டர் கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டார்.

"சரி. ஏறினதுக்குக் காரணம் கிடைச்சாச்சு. இறங்கினதுக்கு? பஸ் ஓட்டறவங்களுக்கு ஏறினா கூட யோசிக்க நேரம் இருக்கும். இறங்கினாத்தான் ஆபத்து. செவ்வாய்க்கிழமை என்ன ஆச்சு? அன்னிக்கும் இதே துண்டுதானா?"

மருமகள் மேஜையைப் பார்த்தாள். "இதே மாதிரிதான், டாக்டர். நான்தான் அன்னிக்கு ஊசியைக் கூடப் போட்டிருப்பேன்."

டெய்லரம்மா சட்டென்று மருமகளைத் திரும்பிப் பார்த்தாள்.

செவ்வாய்க்கிழமை தட்டு கண் முன்னால் வந்தது. முகத்தைப் பார்க்காமல் வைத்த தட்டு. அதில் இருந்த துண்டு. துணியை ஒரு முறை பார்த்தால் மறக்காத கண் அது. அந்தத் துண்டின் நீளம், அகலம் எல்லாம் அச்சடித்த மாதிரி ஞாபகத்துக்கு வந்தது. பெரிய துண்டு என்று பொய்கூடச் சொல்ல முடியாத துண்டு.

இந்தப் பெண் ஏன் இப்படிச் சொல்கிறாள்?

"நிச்சயமாத் தெரியுமா?" என்றார் டாக்டர். "ஏன்னா, ஊசி அளவைத் தப்பாப் போடறவங்களை நான் வண்டியில உட்கார வைக்க முடியாது. அது உங்களுக்கும் நல்லதில்ல, பின்னால உட்கார்ந்திருக்கறவங்களுக்கும் நல்லதில்ல."

"தெரியும்" என்றாள் மருமகள். ஜன்னலுக்கு வெளியே ஒரு நீள பஸ் மெதுவாக மடிந்து திரும்பிக்கொண்டிருந்தது. அவள் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

டாக்டர் பேனாவை எடுத்தார்.

பேசாமல் இருந்தால் யாருக்கும் தெரியப் போவதில்லை. டெய்லரம்மாவுக்கு அது புரிந்தது. பாசத்தில் கூட வைத்த மாமியார் என்று சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போகலாம். வாயைத் திறந்தால், கோபத்தில் மருமகளின் சாப்பாட்டைக் குறைத்த மாமியார் என்று ஆகிவிடும். அதுவும் மூன்றாம் மனுஷர்கள் எதிரில்.

"டாக்டர், எழுதாதீங்க."

பேனா நின்றது.

"அவ ஊசியைக் கூடப் போடலை. நான்தான் துண்டைக் குறைச்சு வச்சேன்."

"அத்தை" என்றாள் மருமகள்.

"நீ சும்மா இரு. டாக்டர், அன்னிக்கு எனக்கு இவ மேல கோபம். எதுக்குன்னு கேட்காதீங்க, அது எங்க வீட்டு விஷயம். வேணும்னு பண்ணலை. குறைச்சு வைக்கணும்னு நினைக்கவே இல்லை. ஆனா கை குறைச்சு வச்சிருச்சு. இப்ப உங்களுக்கு வச்சதே, அந்த மாதிரி."

"இதே அளவா?"

டெய்லரம்மா திரும்பவும் ட்ரேயைப் பக்கத்தில் இழுத்தாள். கத்தியை எடுத்தாள். மிச்சமிருந்த ட்ரேயில் ஒரு துண்டை வெட்டினாள். இந்தத் தடவை யார் முகத்தையும் பார்க்கவில்லை, ட்ரேயைத்தான் பார்த்தாள். வெட்டினதைத் தராசில் தானே வைத்தாள். டாக்டருக்கு வைத்ததைவிடச் சின்னது அது.

யாரும் சிரிக்கவில்லை.

நர்ஸ் எண்ணைப் படித்தாள். டாக்டர் மனசுக்குள் கணக்குப் போட்டார். "பாதி மாவுச்சத்துகூட இல்ல. முழுத் துண்டுக்கு உண்டான ஊசி. இறங்கத்தான் செய்யும்." பிறகு மருமகளைப் பார்த்தார். "தட்டு வந்தப்ப நீங்க பார்க்கலையா? இவ்வளவு சின்னது கண்ணுல படலையா?"

"பட்டுது."

"ஊசி போட்டாச்சு, சாப்பாடு குறையுதுன்னு தெரியுது. இன்னொரு துண்டு கேட்டு வாங்கியிருக்கலாமே?"

மருமகள் தன் தட்டை மேஜை மேல் தள்ளி வைத்தாள். "அத்தை முகம் சரியில்ல, டாக்டர். கேட்க வாய் வரலை. போற வழியில ஏதாவது வாங்கித் தின்னுக்கலாம்னு நினைச்சேன். கடை திறக்கலை."

இதைக் கேட்டதும் டெய்லரம்மா கத்தியைக் கீழே வைத்தாள். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

டாக்டர் அதற்கு மேல் கிளறவில்லை. நல்ல மனுஷன். மூலைத் துண்டின் ஒரு பக்கத்தை நர்ஸ் வெட்டி எடுத்துத் தராசில் அளவாக்கிக் கொடுத்தாள். மருமகள் ஊசி போட்டுக்கொண்டு சாப்பிட்டாள். சாப்பிட்டுவிட்டு இரண்டு மணி நேரம் காத்திருந்தார்கள். அந்த நேரத்தில் மெக்கானிக்குகள் நாலு பேர் நைசாக வந்து ஆளுக்கொரு துண்டு வாங்கிப் போனார்கள். பிறகு விரலில் குத்திப் பார்த்தார்கள். மீட்டரில் எண் வந்ததும் நர்ஸ் முகம் மலர்ந்தது.

"அடுத்த வெள்ளிக்கிழமை வரைக்கும் தினமும் தராசுல வச்சுச் சாப்பிடுங்க" என்றார் டாக்டர். "இதே மாதிரி நின்னுதுன்னா, சனிக்கிழமை நீங்க வண்டி எடுக்கலாம்." டெய்லரம்மா பக்கம் திரும்பினார். "உங்க கண் மேல எனக்குச் சந்தேகமே இல்லம்மா. ஆனா ரொட்டிக்குத் தராசு வாங்கிடுங்க."

வெளியே டெப்போ சுவர் ஓரமாக ஒரு பெஞ்ச். வீட்டுக்குப் போகும் பஸ் வர நேரம் இருந்தது. மடியில் ட்ரே, ட்ரேயில் மிச்சம் ஒரே ஒரு துண்டு.

"வேலை போனாலும் பரவாயில்லைன்னு பொய் சொன்னியே, பைத்தியமா உனக்கு?" என்றாள் டெய்லரம்மா.

"பின்ன என்ன சொல்றது அத்தை? மாமியார் சாப்பாட்டைக் குறைச்சு வச்சாங்கன்னு வெளியாள்கிட்ட எப்படிச் சொல்றது? நீங்க எனக்குத் தினமும் வச்சதெல்லாம் அந்த ஒரு வார்த்தையில அடிபட்டுப் போயிடாதா?"

டெய்லரம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. கலங்கினதை மறைக்கவில்லை. முந்தானையால் அழுந்தத் துடைத்துக்கொண்டாள்.

"இதோ பாரு. இனிமே எனக்குக் கோபம் வந்தா வாயால திட்டுவேன். நல்லா, தெருவுக்கே கேட்கற மாதிரி திட்டுவேன். ரொட்டியில காட்ட மாட்டேன். உனக்குக் குறையா இருந்தா நீயும் வாயைத் திறந்து 'போதாது'ன்னு கேட்கணும். புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது. அப்ப நீங்களும் கேட்கணும்."

"எதை?"

"செவ்வாய்க்கிழமை எதுக்குக் கோபம்னு. திங்கட்கிழமை சாயங்காலம் என் சீருடை கதவுல தொங்கிட்டிருந்துச்சு. நீங்க உள்ள வரவே இல்ல. அப்பவே நினைச்சேன்."

டெய்லரம்மா ஒரு மூச்சு இழுத்து விட்டாள். ஊருக்கெல்லாம் முகத்துக்கு நேரே பேசுகிறவள் நாலு நாளாக விழுங்கிக்கொண்டிருந்ததை வெளியே எடுத்தாள்.

"சரி, கேட்கறேன். வீடு பார்த்திருக்கீங்களே, என்னை விட்டுட்டுப் போறீங்களா?"

"இல்ல அத்தை. அது நாங்க குடிபோக இல்ல."

"அப்புறம் யாருக்கு?"

மருமகள் அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். மாமியாரின் மடியிலிருந்து ட்ரேயை எடுத்தாள். காலையிலிருந்து டெய்லரம்மா வாயில் எதுவும் வைக்கவில்லை. தனக்கென்று வெட்டி வைத்த துண்டையும் ஒரு மெக்கானிக்கிடம் கொடுத்துவிட்டாள். அதை மருமகள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். மிச்சமிருந்த துண்டைத் தட்டில் எடுத்து வைத்து மாமியார் கையில் கொடுத்தாள்.

"முதல்ல இதைச் சாப்பிடுங்க, அத்தை. முழுசாச் சாப்பிடுங்க" என்றாள். "வெறும் வயித்துல கேட்கற விஷயம் இல்ல அது."